மேலே கோடில்லாத வட்டம்

உ
ஸ்ட்ரெதம், லண்டன்.
14.8.1993

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே நான் நல்ல சுகம். உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரு குறையும் வராமல் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும். அம்மாவின் முழங்கால் எப்படி? படியில் ஏறி இறங்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்கமாட்டா.

சந்தோசப் புளுகத்தில் எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பகிடி பண்ண வேண்டாம். என்னை மேசை வேலைக்கு எடுத்துவிட்டார்கள்! வேட்டைத் துவக்குகளில் குறிபார்க்கும் ஸ்கோப்புகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவள், இனி அவற்றைத் திறந்து பழுது பார்க்கப் போகிறேன். முதலாளி மிஸ்டர் பிரிஸ்கோ காலையில் வந்து, "மிஸ் கௌரி, உங்கள் ஸ்டூலை இந்தப் பக்கம் தள்ளிப் போடுங்கள்" என்றார். பதவி உயர்வுச் சடங்கு அவ்வளவுதான்.

முதல் நாளே என் கையில் வந்தது உங்கள் ஊர்ச் சாமான். பழைய ஜேர்மன் ஸ்கோப். உள்ளே பார்த்துத் திகைத்துப் போனேன். எங்கள் ஸ்கோப்புகளில் தலைமயிர் அளவில் இரண்டு கோடுகள் நடுவில் வெட்டிக்கொண்டு போகும். அந்த வெட்டுப் புள்ளியை மானில் வைத்துச் சுடுவார்கள். இதில் மூன்று தடித்த கட்டைகள்! கீழேயிருந்து கூரான ஒன்று, இடமும் வலமும் ஒவ்வொன்று. மேலே ஒன்றுமே இல்லை. வேலிக்குக் கதியால் நட்டதுபோல் இருந்தது. கோடு உடைந்து விழுந்துவிட்டதாக்கும் என்று நினைத்து மிஸ்டர் பிரிஸ்கோவிடம் ஓடினேன். அவர் சிரித்து, "பழுதில்லை, ஜேர்மன்காரரின் ரசனை" என்றார்.

ஆனால் கேளுங்கள் அண்ணை. வேலைத்தலத்தின் பின் யன்னலுக்கு நேரே ரெயில் பாதை மேட்டில் பொழுதுபடும் நேரம் நரிகள் வரும். அந்த ஸ்கோப்பை மேசையில் இறுக்கி நரியைப் பார்த்தேன். அடுத்ததாக இங்கத்தைய மெல்லிய கோட்டால் பார்த்தேன். மெல்லிய கோடு இருளோடு கரைந்து போய்விட்டது. உங்கள் கதியால்கள் அப்படியே நிற்கின்றன! நீங்கள் அந்தக் கோடுகளைக் கண்ணாடியில் பொறிக்கிற பட்டறையில்தானே வேலை செய்கிறீர்கள்? இத்தனை வருடமும் ஏன் எனக்கு ஒரு வரி எழுதவில்லை?

வேலைத்தலத்தில் மன்னாரைச் சேர்ந்த ஒருவரும் இருக்கிறார். யன்னலைத் திறந்து தந்தவர் அவர்தான்.

உடனே பதில் போடவும்.

தங்கள் அன்புத் தங்கை,
சிவகௌரி


உ
ஹெஸ்ஸன், ஜேர்மனி.
2.9.1993

அன்புத் தங்கச்சி கௌரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். முழங்காலைப் பற்றிய உன் கட்டளையை வாசித்துக் காட்டினேன். "அவளுக்கென்ன, எழுதுவாள்" என்று சொல்லிவிட்டு அம்மா படியேறிப் போய்விட்டா.

உன் உயர்வு கேட்டுப் பெருமைப்பட்டேன். ஆனால் கதியால் என்று எழுதியதை மன்னிக்க ஏலாது. நீ பார்த்தது முதலாம் நம்பர்க் குறி. அது ரசனை இல்லை, தேவை. இங்கே பன்றியும் மானும் வெளியே வருவது பொழுதுபட்ட பிறகுதான். மூன்று கட்டைகளும் கண்ணைத் தாங்களாகவே நடுவுக்குக் கொண்டுபோய்விடும், நீ தேடத் தேவையில்லை. மேலே வெறுமையாக விட்டிருப்பது பார்வை மறைக்காமலிருக்க. இன்னொன்று கேள். பக்கத்துக் கட்டைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி நூறு மீற்றரில் எழுபது சென்ரிமீற்றர். ஒரு சின்ன மானின் உடம்பு, நெஞ்சிலிருந்து பின்பக்கம் வரை, அதற்குள் சரியாக அடங்கும். அடங்கினால் நூறு மீற்றர். பாதிதான் நிரப்பினால் மான் எட்டத்தில் நிற்கிறது, சுடாதே. ஸ்கோப்பைத் திருகி மானைப் பெரிதாக்கினால் குறியும் கூடவே பெரிதாகும், ஆகையால் கணக்குப் பிழைக்காது. இவ்வளவும் உன் மிஸ்டர் பிரிஸ்கோவுக்குத் தெரியுமா?

போன கிழமை எங்கள் மேற்பார்வையாளர் க்ரேமரின் வீட்டாருடன் காட்டுக்குள் பரணில் இருந்து பார்த்தேன். எனக்குச் சுட அனுமதி இல்லை, பார்க்க மட்டும். இருட்டில் முதலாம் நம்பர் பேசும் தங்கச்சி!

இனி முக்கியமான விசயம். ரொறன்ரோவில் வாசுதேவன் என்று ஒரு எஞ்சினியர். நல்ல குடும்பம், சாதகமும் பொருந்துகிறது. படம் இதற்குள் இருக்கிறது. அம்மா இரவும் பகலும் இதே கதை. நான் ஏதாவது வாய் திறந்தால், "தங்கச்சி குமராய் இருக்க நீ உன்ர கதையைக் கதைக்கிறதோ? முதல் அவளுக்கு முடியட்டும்" என்கிறா. உனக்குத் தெரியாத வழக்கமா. ஆகவே கெதியாக ஒரு பதில் சொல்லு.

அன்புடன் அண்ணன்,
தியாகராஜா


உ
ஸ்ட்ரெதம், லண்டன்.
26.9.1993

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய்ப் போத்தல் ஒன்று அங்கே வருகிற கலாவதி அக்காவின் ஆட்களிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பூசுகிறாவோ இல்லையோ என்று பார்த்து எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை வேலைத்தலத்தில் இங்கிலீஷில் சொல்லிக் காட்டினேன். மிஸ்டர் பிரிஸ்கோ கேட்டுவிட்டு, "வேலித்தூண்களுக்கு நடுவே நின்று மான் சுடுவது உங்கள் அண்ணனுக்குப் பிடிக்கலாம், என் வாடிக்கைக்காரர் வாங்கமாட்டார்கள்" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இங்கே சூரியன் மறைந்த பிறகும் ஒரு மணித்தியாலம் மான் சுடச் சட்டம் இடம் தருகிறது. அந்த ஒரு மணித்தியாலம் முழுக்க இவர்களின் மெல்லிய கோடு எங்கே போகிறது? இதைக் கேட்டேன். அவர் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

ஆனால் உங்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. முதலாம் நம்பரின் கூர்க்கட்டை தன் நுனிக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் மறைக்கிறது. யன்னல் திறந்து தந்த மன்னார்காரர் பெனடிக்ற்தான் இதைக் கண்டுபிடித்தார். அட்டையில் ஒரு மான் வெட்டி, பங்குச் சாமியாரிடம் கேட்டு, மாதா கோயில் தோட்டத்துக் கடைசி மதிலில் சாத்தினார். அட்டை மானைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினோம். கொண்டக்டர் பார்த்த பார்வை இருக்கிறதே! முதலாம் நம்பரில் பார்த்தால் மானின் கால்கள் போய்விட்டன. நாலாம் நம்பர்தான் நல்லது என்கிறார் பெனடிக்ற். வெளியே அதே மூன்று கட்டை, நடுவில் மட்டும் மெல்லிய கோடுகள். வெளிச்சமிருந்தால் மெல்லியதால் குறிபார், இருண்டால் கட்டையால் பார். இரண்டு கண்ணுக்கும் சோறு போடுகிறது. பெனடிக்றின் கணக்குச் சுத்தம் அண்ணை, அவர் சொன்னால் சரியாக இருக்கும்.

பரணில் க்ரேமர் வீட்டாருடன் இருந்ததாக எழுதினீர்கள். வீட்டார் என்றால் யார்? க்ரேமரா, அவர் மனைவியா, நாயா?

படம் கிடைத்தது.

அன்புத் தங்கை,
சிவகௌரி


உ
ஹெஸ்ஸன், ஜேர்மனி.
24.10.1993

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம். எண்ணெய் வந்து சேர்ந்தது. அம்மா அதைச் சாமித்தட்டில் வைத்திருக்கிறா.

நாலாம் நம்பரைப் பற்றி நீ எழுதியது சரி. ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு கிழமை எடுத்தது. ஆனால் இங்கத்தைய நாலாம் நம்பரில் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி இரண்டு மடங்கு அகலம். சின்ன மானை அதற்குள் வைத்துத் தூரம் பார்க்க ஏலாது. முதலாம் நம்பரின் இடைவெளியும் நாலாம் நம்பரின் நடுக்கோடும் ஒன்றாக வந்தால்? இதை நினைத்தபோது எனக்கு நித்திரை வரவில்லை. க்ரேமரிடம் சொன்னேன். "படம் தந்தால் பொறித்துத் தரலாம்" என்கிறார். உன் முதலாளி சம்மதித்தால் வட்டத்தைத் தாள் முழுக்கப் பெரிதாகக் கீறி அனுப்பு. நாங்கள் அதைப் படமெடுத்துச் சுருக்கித்தான் கண்ணாடியில் பொறிப்போம். பெரிதாகக் கீறினால் கோடு சுத்தமாக வரும். ஒன்றை மட்டும் மறவாதே. இங்கே உள்ளவர்கள் தாளில் உள்ளது உள்ளபடியே செய்வார்கள். கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள்.

உன் கடிதத்தில் கோடுகளைவிடப் பெனடிக்ற்தான் அதிகம் வருகிறார். சாமியார், கோயில் தோட்டம் என்றால் வேதக்காரப் பெடியன் போல. நல்ல வேலைக்காரனாக இருக்கட்டும், அதோடு நிற்கட்டும்.

வாசுதேவன் வீட்டார் இரண்டு தரம் ரெலிபோன் எடுத்துவிட்டார்கள். படம் கிடைத்தது என்று எழுதினாய். படத்தைப் பார்த்தாயா?

அன்புடன்,
அண்ணன்


உ
ஸ்ட்ரெதம், லண்டன்.
20.11.1993

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது, மற்றபடி சுகம். அம்மாவைக் காலுறை போட்டுக்கொண்டு படுக்கச் சொல்லுங்கள். அங்கத்தைய குளிர் இதற்கு அண்ணன்காரன் என்று கேள்வி.

மிஸ்டர் பிரிஸ்கோ சம்மதித்துவிட்டார்!! எப்படி என்று கேளுங்கள். அவரைப் பின் யன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு ஸ்கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் இறுக்கி வைத்தோம். பொழுது பட்டுக்கொண்டிருந்தது. நரி வந்தது. மெல்லிய கோட்டால் பார்த்தார், தடவினார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடியும் பார்த்தார். ஜேர்மன் ஸ்கோப்புக்கு வந்தார். நரி போன பிறகும் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில், "ஒரு சின்னத் தொகுதி செய்து பார்ப்போம். மார்ச் மாதம் வேட்டைக்காட்டுக் காவலர்களைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அவர்கள் சிரித்தால் இந்தக் கதை அன்றோடு முடிந்தது" என்றார். நானும் பெனடிக்றும் மேசைக்கு அடியில் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டோம்.

படம் இதோடு வருகிறது. நீங்கள் சொன்னபடியே வட்டம் தாள் முழுக்க. ஓரமே விடவில்லை. முதலாம் நம்பரின் இடைவெளி, நாலாம் நம்பரின் நடு. மூன்று இரவு, ஸ்ட்ரெதம் லைப்ரரி மூடும்வரை இருந்து கீறினோம். மையெல்லாம் நான், அளவெல்லாம் அவர். மேலே வெறுமையாக விட்டிருக்கிறது, அதன் அழகே தனி. பார்த்துப் பார்த்துச் செய்யுங்கள் அண்ணை. எங்கள் இருவருக்கும் இது பிள்ளைமாதிரி.

ரொறன்ரோ விசயம் இந்த வேலை முடியட்டும், ஆறுதலாகக் கதைப்போம்.

நாயா என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

அன்புத் தங்கை,
சிவகௌரி


உ
ஹெஸ்ஸன், ஜேர்மனி.
2.1.1994

அன்புத் தங்கச்சிக்கு,

புதுவருட வாழ்த்துகள். அம்மா சுகம், காலுறை போடுகிறா.

கண்ணாடிகள் பொறித்தாகிவிட்டன. நான்தான் ஒவ்வொன்றாக உருப்பெருக்கியில் வைத்துச் சரிபார்த்தேன். கோடுகள் கத்தி மாதிரி. பெட்டி முந்தநாள் தபாலில் போயிருக்கிறது.

முதலில் பொறித்ததை ஒரு ஸ்கோப்பில் போட்டு நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள்களில் ஒன்றில் காட்டுக்குக் கொண்டுபோனோம். வெண்பனி, முழுநிலவு. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று மரங்களுக்குள் இருந்து வந்தது. தாயும் குட்டிகளும். குறி பனியில் மை தொட்டு எழுதினதுபோல் நின்றது. ஒருவரும் சுடவில்லை. தாய்ப்பன்றியைச் சுடக்கூடாது. பரணில் மூச்சு விடாமல் இருந்து பார்த்தோம், அவ்வளவுதான். இவ்வளவு சந்தோசமாக நான் இருந்து கனகாலம். கீறின கைகளுக்கு என் பாராட்டு.

வாசுதேவன் வீட்டாருக்கு நான் என்ன சொல்ல? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

அண்ணன்


உ
ஸ்ட்ரெதம், லண்டன்.
30.1.1994

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம் விசாரித்து எழுத எனக்கு இப்போது பொறுமை இல்லை. அம்மா சுகமாக இருக்கவேண்டும், நீங்களும் இருக்கவேண்டும். இந்தக் கடிதத்தை இருந்து வாசியுங்கள்.

பெட்டி வந்தது. கண்ணாடிகளை ஸ்கோப்புகளுக்குள் பொருத்தினோம். மிஸ்டர் பிரிஸ்கோ முதலாவதைத் தூக்கி யன்னலால் பார்த்தார். "அழகு" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அடுத்த நிமிடம், "மேலே இரண்டு எறும்பு நிற்கிறது" என்றார். தூசி என்று நினைத்துத் திறந்து துடைத்தேன். எறும்பு போகவில்லை. இரண்டாவதைப் பார்த்தார், அதிலும் எறும்பு. எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே இரண்டு எறும்பு! பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். என் பிள்ளையார் சுழி அண்ணை. பக்கத்தில் ஒரு குட்டிச் சிலுவை.

நடந்தது இதுதான். தாளை விரித்ததும் கை தன்பாட்டில் சுழியைப் போட்டுவிட்டது. கடைக்குச் சாமான் எழுதும்போதுகூடச் சுழி போடாமல் எனக்குத் தொடங்க வராது, உங்களுக்குத் தெரியும்தானே. ஓரம் இல்லாத தாள், ஆனபடியால் வட்டத்துக்குள்ளேயே உச்சியில் போட்டுவிட்டேன். அதைப் பார்த்த பெனடிக்ற் பேனையை வாங்கிப் பக்கத்தில் ஒரு சிலுவை போட்டார். அவர்களும் தாள் தொடங்கினால் அப்படித்தான். "இதென்னத்துக்கு?" எண்டு கேட்டன். "உங்கட ஆள் தனிய நிக்கிறார், பாவம். துணைக்கு ஒராள்" எண்டார். சிரித்தோம். அதற்குப் பிறகு இரண்டும் எங்கள் கண்ணிலேயே படவில்லை. இங்கிலீஷ்காரரின் குறியென்றால் மேலேயும் கோடு ஓடியிருக்கும், எழுத இடம் கிடைத்திராது. ஜேர்மன் குறியில் மேலே வெறுமை. வெறுமையான உச்சியைக் கண்டால் எங்கள் ஆட்களின் கை சும்மா இருக்குமா?

மிஸ்டர் பிரிஸ்கோ கத்தின கத்தலில் பக்கத்துச் சலூன்காரர் வந்து எட்டிப் பார்த்தார். மார்ச் பத்தொன்பதாம் திகதி காவலர்கள் வருகிறார்கள். அதற்குள் சுத்தமாகப் பொறித்து அனுப்ப ஏலுமா என்று க்ரேமரைக் கேளுங்கள்.

இனி உங்கள் ஒரே கேள்விக்குப் பதில். அந்தச் சிலுவையைப் போட்ட பேனையை நான் அவர் கையிலிருந்து திருப்பி வாங்கவில்லை. அவர் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். நான் கலியாணம் முடித்தால் பெனடிக்றைத்தான் முடிப்பேன். அவர் வேதத்தை விடமாட்டார், நான் சைவத்தை விடமாட்டேன், ஒருவரை ஒருவர் விடச் சொல்லிக் கேட்கவும் மாட்டோம். நீங்கள் கோபிப்பீர்கள் என்று தெரியும். தெரிந்துதான் இவ்வளவு நாளும் கோடுகளைப் பற்றியே எழுதினேன்.

உங்கள் சம்மதம் வேண்டும். அம்மாவுக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும்.

கௌரி


உ
ஸ்ட்ரெதம், லண்டன்.
27.2.1994

அன்புள்ள அண்ணைக்கு,

அம்மாவும் நீங்களும் சுகமா? நான் சுகம் என்று எழுதினால் பொய்.

ஒரு மாதமாகப் பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் கையை விரித்துக் காட்டப் பழகிவிட்டார். க்ரேமரிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. மிஸ்டர் பிரிஸ்கோ எறும்புக் கண்ணாடிகளோடேயே காட்டப் போகிறாராம். "தூரத்தில் பார்ப்பவனுக்கு எறும்பு தெரியாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். தெரியும் அண்ணை, வடிவாகத் தெரியும்.

ரொறன்ரோவுக்கு நானே எழுதிவிட்டேன். வாசுதேவன் நல்ல மனுசன். நேரத்தோடு சொன்னதற்கு நன்றி என்று பதில் போட்டிருக்கிறார். நீங்கள் ஒரு மாதத்தில் எழுதாத பதிலை அவர் பத்து நாளில் எழுதினார்.

திட்டியாவது எழுதுங்கள். திட்டை எனக்கு வாசிக்க ஏலும், இந்தப் பேசாமடந்தை வேலை ஏலாது.

கௌரி


உ
ஸ்ட்ரெதம், லண்டன்.
21.3.1994

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் எழுதாவிட்டால் என்ன, நான் எழுதுவேன். வைத்திருக்க ஏலாது, நெஞ்சு வெடித்துவிடும்!

சனிக்கிழமை சர்ரே பக்கம் ஒரு வயல்வெளிக்குப் போனோம். காவலர்கள் தொப்பியும் சேற்றுச் சப்பாத்துமாக வந்து நின்றார்கள். மரவேலியில் ஸ்கோப்புகளை வரிசையாக இறுக்கினோம். ஒன்று விட்டு ஒன்று, மெல்லிய கோடும் எங்கள் குறியும். தூரத்தில் பற்றைக்கு முன்னால் பலகை மான். வெளிச்சம் இருக்கும்போது எல்லோரும் மெல்லிய கோட்டைத்தான் புகழ்ந்தார்கள். எங்கள் குறியைப் பார்த்து ஒருவர், "இது என்ன, கிரிக்கெட் ஸ்ரம்பா?" என்றார். மிஸ்டர் பிரிஸ்கோ என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். பெனடிக்ற் காதுக்குள், "பொறும், சூரியன் எங்கட பக்கம்" என்றார்.

சூரியன் இறங்கியது. மெல்லிய கோட்டுக்காரர்கள் கண்ணைக் கசக்கத் தொடங்கினார்கள். ஒருவர் ஒருவராக வேலியோடு நகர்ந்து எங்கள் ஸ்கோப்புகளுக்கு வந்தார்கள். ஸ்ரம்ப் என்றவர் அதை விட்டு எழும்பவே இல்லை, பின்னால் நின்றவர் தோளில் தட்டவேண்டியிருந்தது. ஒரு பெண் காவலர், ஹாம்ப்ஷயரிலிருந்து வந்தவர், பலகை மானை இடைவெளிக்குள் வைத்துப் பார்த்து, தூரத்தைத் தானாகவே சொன்னார். மீற்றர் பிசகவில்லை! கடைசியாக மானே கரும்பொட்டாகிவிட்டது, கட்டைகள் மட்டும் நின்றன. நான் பெனடிக்றின் கையைக் கிள்ளிய கிள்ளலில் தழும்பு இருக்கிறது.

பிறகு அந்தப் பெண் கேட்டார், "உச்சியில் இரண்டு சின்னக் குறி இருக்கிறதே, அவை எந்தத் தூரத்துக்கு?" மிஸ்டர் பிரிஸ்கோவுக்கு முகம் சிவந்துவிட்டது. பெனடிக்ற் தொப்பியைக் கழற்றிவிட்டு, "அவை தூரத்துக்கில்லை மேடம். ஒரு வேலை தொடங்கும்போது நாங்கள் போடுவது. ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடியும் ஸ்கோப்பால் பார்த்தார். "நல்ல தொடக்கம்" என்றார். அண்ணை, எல்லாம் விற்றுப் போயிற்று! மிஸ்டர் பிரிஸ்கோ திரும்பி வரும்போது வான் வண்டியில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். அடுத்த தொகுதி சுத்தமாக வேண்டும் என்று மட்டும் பாட்டுக்கு நடுவே சொன்னார்.

இவ்வளவு சந்தோசத்தையும் யாரிடம் சொல்ல? கலியாணப் பதிவுக்கு நாங்கள் இன்னும் நாள் வைக்கவில்லை. உங்கள் கடிதம் வரும்வரை வைக்கவும் மாட்டேன். பெனடிக்றும் அதையே சொல்கிறார். ஆனால் எவ்வளவு காலம் என்று சொல்லுங்கள்.

அம்மாவுக்கு என் முத்தம்.

கௌரி


உ
ஹெஸ்ஸன், ஜேர்மனி.
10.4.1994

என் அன்புத் தங்கச்சி கௌரிக்கு,

நான் சுகம். அம்மா மிகவும் சுகம், அது ஏனென்று பிறகு சொல்கிறேன். உன் மூன்று கடிதங்களும் மேசையில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நானும் இன்னொருவரும் பாடமாக்கிவிட்டோம்.

முதலில் எறும்புகளின் கதை. பொறிக்கும் முன் க்ரேமர் தாளைக் கொண்டுவந்து, "மேலே இருப்பவை என்ன, வேண்டுமா?" என்று கேட்டார். நான் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, உள்ளபடியே செய்யுங்கள்" என்றேன். சத்தியமாக எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. சுழி இல்லாத தாளைத்தான் நான் திருப்பி அனுப்பியிருப்பேன். கண்ணாடிகளைச் சரிபார்த்தபோதும் கோடுகளை மட்டும் பார்த்தேன். உன் முதலாளியிடம் சொல்லு, கத்துவதானால் என்மேல் கத்தட்டும்.

சிலுவையைக் கண்டுபிடித்தது ஹைக்கே. பனியில் பரணில் இருந்தபோது, "உச்சியில் இது என்ன?" என்று கேட்டாள். பார்த்தேன். ஒன்று எங்களுடைய சுழி என்று விளங்கப்படுத்தினேன். "அப்படியானால் மற்றது யாருடையது?" என்றாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கண்ணாடி பழுது என்பது அப்போதும் என் மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து உனக்கு அந்த ஒற்றைக் கேள்வியை எழுதினேன்.

ஹைக்கே யார் என்று நீ கேட்பாய். நாயா என்று கேட்டாயே, நாயில்லை. க்ரேமரின் மகள். அந்தப் பரணும் துவக்கும் அனுமதிப் பத்திரமும் அவளுடையவை. நாங்கள் விரும்பத் தொடங்கி இரண்டு வருடம். அம்மாவிடம் வாய் திறக்கப் போனால், முதல் தங்கச்சிக்கு முடியட்டும் என்பா. உனக்கு ரொறன்ரோவில் முடிந்துவிட்டால் அம்மாவின் மனம் குளிர்ந்திருக்கும், அந்தக் குளிர்ச்சியில் என் கதையை மெல்ல எடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். உன் கடிதம் வந்து என் கணக்கைக் குழப்பிவிட்டது. கோபம்தான் வந்தது. உன்னைத் திட்டி எழுதத் தாளை எடுப்பேன். எந்த முகத்தோடு எழுதுவது? நான் வெள்ளைக்காரியை முடிக்கப் போகிறேன், நீ வேதக்காரனை முடிக்காதே என்றா? தாளில் சுழி மட்டும் இருக்கும், மற்றது வராது. கடைசியில் உன் வயல்வெளிக் கடிதத்தை ஹைக்கேக்கு ஜேர்மனில் வாசித்துக் காட்டினேன். அவள் அழுதாள், பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்று பின்னேரமே அம்மாவிடம் போனேன்.

அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. உன் விசயத்தைச் சொன்னேன். கத்தி நிற்கவில்லை.

"வேதக்காரப் பெடியனோ?"

"ஓம் அம்மா."

"குடிப்பானோ?"

"கௌரி அப்பிடி ஒண்டும் எழுதேல்லை."

"அவள் எழுத மாட்டாள். சரி, அவள் நினைச்சதைத்தானே செய்வாள், அது தெரிஞ்சதுதான். நீ ஏன் குற்றவாளி மாதிரி நிக்கிறாய்?"

ஹைக்கேயின் கதையையும் சொன்னேன். கத்தி நின்றது.

"அந்தத் துவக்குக்காரியோ?"

"ஓம்."

அம்மா சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன். உனக்குச் சம்மதம் கௌரி, என்னிடமிருந்து முழுச் சம்மதம். பெனடிக்றுக்கு என் வாழ்த்தைச் சொல்லு. யூலையில் நாங்கள் மூன்று பேரும் லண்டனுக்கு வருகிறோம், இடம் பார்த்து வை. இவ்வளவையும் நான் துணிந்து எழுதுவது, அன்றைக்கு அம்மா வெட்டின கத்தரிக்காயை வழித்துச் சட்டியில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்ன ஒரே ஒரு வார்த்தையை நம்பித்தான்.

"அப்ப ரெண்டையும் ஒரே கிழமைக்குள்ள வையுங்கோ. வேற வேறயா அழ என்னால ஏலாது."

என்றும் அன்புள்ள அண்ணை,
தியாகராஜா